உச்சவரம்பும் ஒழுகும் கூரையும்

ஏழை மக்களின் வீடுகளைப் பழுதுபார்க்கப் பொதுப்பணத்தைச் செலவிடும் அரசு, ஒரு வீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே வரம்பு கட்டுவது நியாயமா என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் எவருடைய பேராசையைத் தடுக்க அவ்வரம்பு ஏற்பட்டதோ அவரை மட்டுமின்றி, எவருடைய சிரமத்தைத் தீர்க்க ஏற்பட்டதோ அவரையும் அது ஒருங்கே கட்டிப்போடுகிறது.

கால் நூற்றாண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டுச் சிதிலமடைந்த கிராமத்து வீடுகளில் இரண்டரை லட்சத்தை, 2,000 கோடி ரூபாய்ச் செலவில் சீராக்கப்போவதாக 2024இல் தமிழக அரசு அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் வீடு ஒன்றுக்குச் சராசரி 80,000 ரூபாய். இத்தகைய அளவுகோலின் நன்மைகளை அலட்சியம் செய்வதற்கில்லை. வரம்பு இல்லையேல் செல்வாக்குள்ளவர் வீட்டு மதிப்பீடு வளர்ந்துகொண்டே போகும். பட்டியலின் கடைசியில் நிற்கும் விதவையின் முறை வருமுன் நிதி தீர்ந்துவிடும். தொகை இன்னதென்று ஊரறிந்திருந்தால், மேஸ்திரியிடம் பேரம் பேசவும், தவணை குறைந்தால் ஒன்றிய அலுவலகத்தில் நியாயம் கேட்கவும் பயனாளிக்குத் தைரியம் பிறக்கிறது.

ஆயினும் தாம்பரத்தை அடுத்த ஊராட்சிகளில் காணும் ஒரு தொகுப்பு வீட்டின் தளத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு, வியாதி வேறு, அளந்து கொடுக்கும் மருந்து வேறு என்பது விளங்கும். மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்த பரப்பு வெடித்து, அவ்வழியே ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கி, உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தானே பிளந்து தள்ளுகிறது. கட்டிலின்மேல் காரை உதிர்வது அதன் கடைசி அத்தியாயமேயன்றி முதலன்று. துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குப் பூச்சிட்டு, மேல்தளத்தைப் பெயர்த்துப் புதிதாக இடுவதே உண்மையான பரிகாரம். பணம் போதாதவிடத்து நடப்பது யாதெனில், உட்புறம் சிமெண்டு பூசி வெள்ளையடித்து, புகைப்படம் எடுத்துக் கணக்கு முடிக்கப்படுகிறது. துருவோ பூச்சுக்குள்ளே தன் காரியத்தைத் தொடர்கிறது. இது முதல் குறை: வரம்பு சிக்கனமாகத் தோன்றி, மறுபடியும் செய்யவேண்டிய வேலைக்கு இன்று பணம் கொடுத்து, விரயமாக முடிகிறது.

இரண்டாவது குறை, விலைவாசி ஏறுகையில் தொகை அசையாதிருப்பது. பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டம் 2016இல் சமவெளியில் புது வீடு ஒன்றுக்கு நிர்ணயித்த 1,20,000 ரூபாயை, 2024இல் மேலும் இரண்டு கோடி வீடுகளுக்கு அனுமதி அளித்தபோதும் மத்திய அரசு உயர்த்தவில்லை. அத்தொகையில் கான்கிரீட் தளம் போட இயலாதென்று கண்டு, தமிழக அரசு கூரைக்கென்றே தனித்தொகை சேர்த்து வந்தது. மாநிலத்தின் சொந்த வீட்டுத் திட்டமான கலைஞரின் கனவு இல்லத்துக்கு 3,50,000 ரூபாய் நிர்ணயித்ததும் அவ்வநுபவத்தின் விளைவே எனலாம்.

மூன்றாவது குறையே மூலமானது: வேறுபட்ட வீடுகளுக்கு ஒரே அளவு. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதில் சேராது நின்ற முடிச்சூர், 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய ஊர். அங்கே தாழ்ந்த மனையிலுள்ள வீட்டுக்குக் கூரையோடு தரையையும் உயர்த்த வேண்டும். மேட்டிலுள்ள வீட்டுக்கோ விரிசலை அடைத்து, வெயிலைத் திருப்பும் வெண்பூச்சு அடித்தாலே போதும்.

இவ்விடத்தில் அமெரிக்க முறையொன்று ஆலோசிக்கத்தக்கது. குளிருக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும்படி ஏழைகளின் வீடுகளைச் செப்பனிட 1976இல் தொடங்கிய அந்நாட்டுத் திட்டத்தில், 2009இல் 6,500 டாலராக்கப்பட்டு, பின்னர் விலைவாசிக்கேற்ப உயர்ந்து வரும் வரம்பு, தனித்தனி வீட்டுக்கன்று, மொத்த வீடுகளின் சராசரிக்கே விதிக்கப்பட்டது. ஒன்றில் மிஞ்சியது மற்றொன்றின் குறையை நிரப்பும். அம்முறையும் நிர்தோஷமானதன்று, கூரையே இற்றுப்போன வீட்டை, முதலில் அதைச் சரிசெய்து வாருங்கள் என்று ஒத்திவைப்பதால், மிகவும் வறியவரே வெளியே நிற்க நேர்வதுண்டு.

சராசரி என்றால் சலுகைக்கு இடமாகுமே என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மாற்று, வீடுவாரியான மதிப்பீட்டையும் செலவையும் கிராமசபையில் வாசித்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்பதாகும். மூடிய அறையில் நிர்ணயித்த ஒரே தொகையைவிட, பலர் அறிய வேறுபடும் தொகையில் அநீதி குறைவு. ஆகவே வரம்பு இருக்கட்டும். அது ஒன்றிய அளவில் சராசரிக்கு இருக்கட்டும், ஆண்டுதோறும் கம்பி, சிமெண்டு விலையோடு ஏறட்டும், மேல்தளம் ஒழுகும் வீட்டில் உட்பூச்சுக்குப் பணம் கொடுப்பதை மட்டும் விதியாகவே தடுக்கட்டும்.