சித்தன்னவாசலும் சுற்றுலா வளைகோடும்

செடி முளைக்கிறது, வளர்கிறது, காய்க்கிறது, பிறகு வாடுகிறது. மக்கள் சுற்றுலா செல்லும் இடங்களுக்கும் இப்படி ஒரு வாழ்க்கை உண்டா? உண்டு என்றார் ரிச்சர்டு பட்லர் என்னும் புவியியல் அறிஞர். 1980-இல் கனடாவின் புவியியல் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை, சுற்றுலாவைப் பாடமாகக் கற்பிக்கும் இடங்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அக்கட்டுரையின் புகழ்பெற்ற வரைபடத்தை இங்கே மதிப்பிடுவோம். உரைத்துப் பார்க்கும் கல்லாகப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலை எடுத்துக்கொள்வோம்.

வரைபடம் சொல்வது என்ன?

கிடை அச்சில் காலம். நெடு அச்சில் வருவோர் எண்ணிக்கை. முதலில் ஒரு சிலர் தாமாகத் தேடி வருகிறார்கள். அடுத்து உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குத் தங்க இடமும் உணவும் தந்து தொழிலில் ஈடுபடுகிறார்கள். பிறகு சாலை, விடுதி, விளம்பரம் என வளர்ச்சி விரைகிறது. அதன்பின் வேகம் குறைந்து நிலைபெறுகிறது, இறுதியில் தேங்குகிறது. தேங்கியபின் வழி பிரிகிறது: ஒன்று வீழ்ச்சி, மற்றொன்று புத்துயிர்.

உதகமண்டலத்தை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். பிறகு அது சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஆயிற்று. 1908-இல் இரயில் வந்தது. பட்லரின் முதல் மூன்று படிகளும் இதில் அப்படியே தெரிகின்றன.

இந்த வளைகோடு இயற்பியல், உயிரியல் மாணவர்களுக்குப் பழக்கமானதே. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு இப்படி ஒரு சமன்பாடு தந்தார். குளத்தில் ஆகாயத்தாமரை பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, குளம் நிறைந்ததும் நின்றுவிடும். குளத்தின் பரப்பே அதற்கு எல்லை. அந்த எல்லையைத் ‘தாங்குதிறன்’ என்கிறோம்.

எல்லையை யார் வகுப்பது?

குளத்துக்குக் கரை உண்டு. சுற்றுலாத் தலத்துக்குக் கரை எது? பட்லர் இதை உணராதவர் அல்லர். தாங்குதிறனை ஒரே கோடாகப் போடாமல் அகன்ற பட்டையாகவே அவர் வரைந்தார். தலங்கள் என்றும் வற்றாதவை அல்ல, தீர்ந்துபோகக்கூடிய செல்வம் என்றும் எச்சரித்தார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நடைமுறையில் அந்த எல்லை தானாக முன்வந்து நிற்பதில்லை. உதகையில் கூட்டம் மிகுந்தது, மலைச்சாலை திணறியது, வருகை குறையவில்லை. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பு விதிக்கப்பட்டது. ஆக, தாங்குதிறன் என்பது மனிதர் கூடி எடுக்க வேண்டிய முடிவு.

வரைபடத்தின் பெருங்குறை

இனிச் சித்தன்னவாசலுக்கு வருவோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. மலையின் மறுபக்கம் அறிவர் கோயில் என்னும் குடைவரை. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் ஒரு தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, பூக்கொய்யும் மனிதர். தூண்களில் ஆடல் மகளிர்.

பட்லரின் கோடு ‘கண்டறிதல்’ என்ற புள்ளியில் தொடங்குகிறது. ஆனால் முனிவரும் அடியாரும் வந்துபோன ஓர் இடம் மறக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீண்டும் அறிஞர் கண்ணில் பட்டது என்பதே இங்குள்ள வரலாறு. இது சிறிய குறை. பெரிய குறை நெடு அச்சில் இருக்கிறது.

ஒரு காலத்தில் கோயில் முழுவதும் காரை பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலுந்தான். மழையும் ஈரமும் புகையும் காலமும் தம் பங்கைச் செய்திருக்கின்றன. ஆனாலும் தப்பிப் பிழைத்தவை கை எட்டாத உயரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இந்த இழப்பு பட்லரின் வரைபடத்தில் எங்கே பதிவாகிறது? எங்கும் இல்லை. வருவோர் எண்ணிக்கை ஏறினால் ‘வளர்ச்சி’ என்றே கோடு சொல்லும்.

இருசக்கர வண்டியில் இரண்டு அளவிகள் உள்ளன. ஒன்று வேகம் காட்டும். மற்றொன்று இதுவரை ஓடிய தூரம் காட்டும். ஆண்டுதோறும் வருவோர் எண்ணிக்கை வேகம் போன்றது. ஓவியத்துக்கு நேரும் தேய்மானமோ ஓடிய தூரம் போன்றது. வேகத்தைக் குறைக்கலாம், வண்டியை நிறுத்தவும் செய்யலாம். ஓடிய தூரம் பின்னோக்கிச் சுழலாது. பட்லரின் வரைபடம் வேகத்தை மட்டும் காட்டுகிறது.

ஒரு சிறு கணக்கு

ஓய்வாக நிற்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் வெளிவிடுகிறார். மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீராவி தருகிறார். அறிவர் கோயிலின் கருவறை சுமார் 20 கனமீட்டர் கொள்ளளவுள்ள சிறு அறை. 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவிதான் தாங்கும். அறை முழுவதற்கும் 600 கிராம். பத்து மாணவர்கள் ஒரு மணி நேரம் உள்ளே நின்றால் 500 கிராம்! வாயில் திறந்திருப்பதால் பெரும்பகுதி வெளியேறிவிடும் என்பது உண்மையே. ஆயினும் ஈரமும் உலர்வும் நாள்தோறும் மாறி மாறி வந்தால் காரைக்குள் உள்ள உப்புகள் படிகமாகி அதை உதிர்க்கும். ஈரத்தில் கரியமில வாயு கரைந்தால் மென்மையான அமிலம் உண்டாகும். அது சுண்ணாம்பை மெல்ல அரிக்கும்.

பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையில் இது கண்கூடாயிற்று. 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஆதிமனித ஓவியங்களைக் காண 1948-இல் மக்களை அனுமதித்தார்கள். சில ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சுமார் 1,200 பேர் வந்தார்கள். மூச்சுக்காற்றாலும் விளக்கொளியாலும் சுவரில் பாசி படர்ந்தது. 1963-இல் குகையை மூடினார்கள். மூடிய பிறகும் தொல்லை தீரவில்லை. 2001-இல் பூஞ்சை பரவியது. 1983-இல் அருகிலேயே மாதிரிக் குகை ஒன்றைத் திறந்தார்கள். மக்கள் அதைக் காணத் திரண்டார்கள். பட்லர் கணக்கில் இது ‘புத்துயிர்’. புத்துயிர் பெற்றது சுற்றுலாத்தான். பழைய குகை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

என்ன செய்யலாம்?

சுற்றுலாவே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. மானாவாரி நிலம் மிகுந்த நம் மாவட்டத்தில் தேநீர்க் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அந்த வருமானம் வேண்டும். சித்தன்னவாசலில் அமைந்த பூங்காவும் படகுச் சவாரியும் அவ்வகையில் நல்லவையே. கூட்டத்தை அங்கே பெருக்கலாம். குடைவரைக்குள் மட்டும் ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று வகுக்க வேண்டும். உள்ளே ஈரமானி ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து, ஒரே ஒளியில் ஓவியங்களைப் படமெடுத்து ஒப்பிட வேண்டும். முழு அளவு மாதிரி ஒன்றை வெளியே அமைத்தால் மாணவர்கள் அருகில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

பட்லரின் வரைபடத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் கீழே இரண்டாவது வரைபடம் ஒன்று வரைந்தால் போதும். காலம் அதே கிடை அச்சு. நெடு அச்சில் எஞ்சியுள்ள ஓவியத்தின் பரப்பு. அந்தக் கோடு ஏறவே ஏறாது. இறங்கும் சரிவைக் குறைப்பது ஒன்றே நம் கையில் உள்ளது.

அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குச் சித்தன்னவாசல் செல்லும் மாணவர்களே, உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எண்ணிக் குறித்து வாருங்கள். அந்த இரண்டாவது வரைபடத்துக்கு அது உதவும். தூணில் மட்டும் கை வைக்காதீர்கள்.