மூட்டுகளில் இடி சுமப்பவன்

ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள காக்கடு தேசியப் பூங்காவுக்குப் பயணிகள் பெரும்பாலும் உலர்காலத்தில்தான் போகிறார்கள். அப்போது வானம் வெளுத்திருக்கும், பாதைகள் காய்ந்திருக்கும். ஆனால் அங்குள்ள புருங்குய் பாறையில் தீட்டப்பட்டுள்ள மின்னல் மனிதன் நமர்கோனைப் பார்க்க, முதல் இடி உருளும் குனுமெலெங் பருவமே உகந்தது. அம்மண்ணின் பினின்ஜ் மக்கள், நம் பெரும்பொழுதுகளைப் போலவே, ஆண்டை ஆறாகப் பகுத்தவர்கள். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் குனுமெலெங், பெருமழைக்கு முந்தைய புயல் பருவம்.

அந்த நாட்களில் பூங்காவுக்குச் செல்லும் பழைய ஜிம் ஜிம் சாலையில் வண்டி ஓட்டுவதே ஒரு பாடம். தார் காணாத அந்த மண்பாதை ஒரே மழையில் குழைந்து வழுக்கத் தொடங்கும். ஃபோர் வீல் டிரைவை லோ கியரில் போட்டு, பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல், முன்னே போன வண்டியின் தடத்திலேயே ஊர்ந்து போக வேண்டும். மழை வலுத்தால் நிர்வாகம் பாதையை அடைத்துவிடும். அதன்பின் அதில் இறங்கக் கூடாது. வைப்பரை மீறிக் கண்ணாடியில் நீர் வழியும் அந்த நேரத்தில், தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை எத்தனை பெரிய கொடை என்பது விளங்கிவிடும். மழைக்கு ஒதுங்கிய மக்களின் கூரைகளே இப்பூங்காவின் பாறை ஓவியக்கூடங்கள். புருங்குய்யின் அன்பங்பங் பாறைப்புடவில் மனிதர் சுமார் 20,000 ஆண்டுகளாகத் தங்கிவந்த தடயங்கள் கிடைத்துள்ளன.

அங்கேதான் நமர்கோன் நிற்கிறான். மெலிந்த வெண்ணிற உடல். தலையையும் கைகால்களையும் இணைத்து வளைந்தோடும் பட்டைதான் மின்னல். முழங்கையிலும் முழங்காலிலும் கல்கோடரிகள். அவற்றால் அவன் இடியை எழுப்புகிறான் என்பது நம்பிக்கை. ஆயுதத்தைக் கையில் கொடுக்காமல் மூட்டுகளில் பொருத்திய கற்பனையை நின்று ரசிக்க வேண்டும். உடல் மடங்கி நிமிரும் இடமெல்லாம் கோடரி. அவன் அசைந்தாலே வானம் அதிரும். அவனுக்குக் கீழே, சடங்குக்கு அலங்கரித்துப் புறப்பட்டவர்களாக ஆண்களும் பெண்களும். சில பெண்களின் மார்பில் சின்னஞ்சிறு கோடுகள். ஊறும் தாய்ப்பாலைக் காட்டுபவை அவை. இடிக்கும் தாய்மைக்கும் ஒரே சுவரில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரும்புச்சத்துள்ள காவி கல்லுக்குள் ஊறி நிலைக்கும். வெண்மையோ விரைவில் உதிரும். 1960களின் தொடக்கத்தில் பத்மார்தி குலத்து ஓவியர் நயொம்பொல்மி இச்சுவரில் மீண்டும் தீட்டினார். பழையதன்மேல் புதிதாகத் தீட்டுவது அவர்களிடம் குற்றமன்று, மரபு. தீட்டி முடித்த படத்தைவிடத் தீட்டும் செயலையே அவர்கள் உயர்வாக மதித்தார்கள்.

இதே பருவத்தில் புதர்களில் செம்மஞ்சள் உடலும் நீலத் திட்டுகளுமாக லைக்கார்ட் வெட்டுக்கிளிகள் தென்படுகின்றன. இவை நமர்கோனின் பிள்ளைகள். தந்தையைத் தேடி வெளிவருகின்றன என்கிறார்கள் பினின்ஜ் மக்கள். சுவரில் தகப்பன், புதரில் பிள்ளைகள், வானில் அவன் குரல்: ஓவியம் சொல்வதைக் காடு முழுவதும் சேர்ந்து சொல்லும் பருவம் இது ஒன்றுதான். புருங்குய் வரை தார்ச்சாலை உண்டு. வெள்ளம் மறித்தாலொழிய ஆண்டு முழுவதும் போகலாம். உடை நனைந்தாலும் பரவாயில்லை, இடிக்கும்போதே போய்ப் பாருங்கள்.