செய்தி மொழியில் தையல்: ஓர் உருவகத்தின் வர்க்கச் சார்பு

உருவகங்கள் வெறும் அணிநலன்கள் அல்ல; சமூக உழைப்பின் வரலாறு அவற்றினுள் படிந்து கிடக்கிறது. தையற்றொழிலைக் குறிக்கும் சொற்கள் செய்தி எழுத்தில் நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் வழங்குமாற்றை நோக்குமிடத்து இது தெளிவாகும்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'டெயிலர்' என்ற சொல், வெட்டுதல் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையின் வழிவந்தது. தமிழோ அத்தொழிலாளியைத் தைப்பவராகவே பெயரிட்டது. சட்டை தைத்தல், முள் தைத்தல், சொல் நெஞ்சில் தைத்தல் என்பவற்றை ஒரே வினையால் குறிக்கும் தமிழ் வழக்கில் ஊசியும் நோவும் எஞ்சி நிற்கின்றன. ஆங்கிலச் செய்தியாளர் 'டெயிலர்-மேட்' என எழுதுகையில் உடுப்பவரின் வசதியே கருதப்படுகிறது. தைத்த கை அங்கில்லை. கடன், காப்புறுதி, சுற்றுலாப் பொதி யாவும் இவ்வாறே வாடிக்கையாளரின் அளவுக்கு அமைந்தவையாகக் கூறப்படுகின்றன. தமிழ்ச் செய்திகள் இதனைத் 'தேவைக்கேற்ப வடிவமைக்கப்பட்ட' எனப் பெயர்க்கும்போது எஞ்சியிருந்த நூலிழையும் அறுந்துவிடுகிறது.

வழக்கிறந்த உருவகத்தில் அரசியல் தேடுவது மிகையென ஒருவர் மறுக்கலாம். தனியொரு செய்தியாளரின் நோக்கத்தைப் பொறுத்தவரை அம்மறுப்புப் பொருந்தும். ஆயின், உருவகம் பரவிய சூழலை அது விளக்காது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒருவர் கழுத்துப்பட்டியைப் பொருத்துகிறார். இன்னொருவர் கையைப் பொருத்துகிறார். முழுச் சட்டையையும் எவரும் தைப்பதில்லை. எந்த மனிதரின் உடலிலிருந்தும் அளவு எடுக்கப்படுவதுமில்லை. அளவெடுத்துத் தைத்தல் நடைமுறையில் அருகிவர, சொல்லில் அது பெருகுகிறது. 'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ் மேலங்கியையும் இலினன் துணியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, பரிவர்த்தனையில் தையல், நெசவு ஆகிய குறித்த உழைப்புகளின் தனித்தன்மை மறைவதை விளக்கினார். பண்டப் பரிவர்த்தனை செய்யும் அம்மறைப்பையே செய்தி உருவகம் மொழியில் செய்கிறது.

இனி, நேர்ப்பொருளில் தையல் செய்தியாவது எப்போது? 1863 ஜூனில் மேரி ஆன் வோக்லி என்னும் இருபது வயதுத் தையற்பெண்ணின் மரணத்தை லண்டன் நாளேடுகள் வெளியிட்டன. வேல்ஸ் இளவரசியை வரவேற்கும் நடனவிழாவுக்கான ஆடைகளை ஆக்குவதற்காக அவள் 26½ மணிநேரம் இடைவிடாது உழைத்திருந்தாள். மார்க்ஸ் அச்செய்தியைத் தமது நூலில் எடுத்தாண்டார். தைப்பவர் மாண்ட பின்னரே அவருக்குச் செய்தியில் இடம் கிடைத்தது.

நமது நாட்டு அனுபவமும் இதனின்று வெகுவாக வேறுபட்டதன்று. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்ட பின்னர், ஆடைத் தொழிற்றுறை பெரும்பாலும் ஏற்றுமதி வருமானம் என்ற பெயரில் வணிகப் பக்கங்களில் இடம்பெற்றது. 2011 மே மாதத்தில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து வலயத் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். பொலிசார் சுட்டதில் காயமுற்ற இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், சட்டமூலம் கைவிடப்பட்டது. தொழிலாளரின் நலனுக்கென்றே ஆக்கப்பட்டதாகக் கூறப்பட்ட அத்திட்டம், அவர்களது அளவைக் கேளாது வெட்டப்பட்ட ஆடையாகவே அவர்களுக்குத் தோன்றியது. அந்நாட்களில் அவர்கள் முதற்பக்கத்துக்கு வந்தனர். வந்தது தைத்ததனால் அன்று, தையலை நிறுத்தியதனால்.

எனவே உருவகத்தை விலக்குக என்பது எமது வாதமன்று. ஒரு திட்டம் 'தேவைக்கேற்ப' அமைந்ததென்று செய்தி கூறும்போது, அளவு யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, வெட்டியவர் யார், தைத்தவர் யார் என்ற வினாக்களை எழுப்புதல் வேண்டும். செய்தி மொழியை ஆராயும் திறனாய்வு, சொல்லின் நயத்தோடு அமையாது, அது மறைக்கும் உழைப்பையும் வெளிக்கொணரும்போதே தனது சமூகப் பணியை நிறைவேற்றியதாகும்.