விட்டுவைத்தல் என்னும் வித்தை

நெடுந்தூர ஓட்டத்தைக் கண்டு மகிழ்பவர்கள் பெரும்பாலும் போட்டி நாளன்று வீதியோரத்தில் நின்று, வியர்வை வழியும் முகத்தோடு முதலாவதாக வருபவனுக்குக் கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறார்கள். அந்த ஓட்டத்தின் மிகச் சூட்சுமமான பகுதி, அதற்கு முந்திய மூன்று வாரங்களில், பார்ப்பார் எவருமின்றி நடந்து முடிந்துவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதக் கணக்கில் தேகத்தை வருத்திச் சேர்த்த பலத்தை, இனி எவ்வளவு வருத்தக்கூடாது என்று நிர்ணயிக்கும் அந்த நாட்களே ஓட்டக்காரனின் விவேகத்தைச் சோதிக்கின்றன. ரசிகன் ஊன்றி நோக்க வேண்டிய கலையும் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

பிரயாசையின் பெருமையை யாரும் குறைத்துப் பேச இயலாது. நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆதர் லிடியார்ட் தம் சீடர்களை வாரத்துக்கு 100 மைல் ஓடவைத்தார். 800 மீற்றர் ஓட்டக்காரரான பீற்றர் ஸ்னெல்லால்கூட 22 மைல் மலைச் சுற்றுக்குத் தப்ப முடியவில்லை. 1960 செப்டம்பர் 2ஆம் திகதி, ரோம் ஒலிம்பிக்கில், ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹால்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒரே மாலையில் தங்கம் வென்றபோது, உலகம் அந்த நூறு மைல்களை எண்ணி வியந்தது. ஆனால் லிடியார்ட்டின் கிரமத்தில் நூறு மைல் முதற்படி மாத்திரமே. அதன்மேல் மேட்டோட்டம், அதன்மேல் வேக அப்பியாசம், கடைசியில் சுமையை இறக்கிப் புத்துணர்ச்சி ஊட்டும் நாட்கள் என்று படிமுறையாக அவர் அமைத்த ஒழுங்கில், முடிவான அந்தப் படி இல்லாவிட்டால் முந்திய படிகள் யாவும் வீணாகிவிடும்.

நம் இலங்கையின் யட்டியாந்தோட்டையை அறிந்தவர்களுக்கு, இத்தகைய பயிற்சிக்கு இயற்கையே வகுத்துவைத்த களம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து களனி கங்கையின் பள்ளத்தாக்கு வழியே கித்துல்கலவரை அடக்கமாகச் செல்லும் பெருந்தெரு, அப்பால் கினிகத்தேனையை நோக்கி வளைந்து வளைந்து ஏறி, நாலாயிரம் அடிக்கு மேலான ஹட்டனில் குளிர்காற்றைத் தொடுகிறது. ஏற்றம் வேண்டுபவனுக்கு ஏற்றமும், கொழும்பு வெக்கைக்குத் தேகத்தைப் பழக்க வேண்டுபவனுக்கு ஈரப் புழுக்கமும் அந்த ஒரே தெருவில் கிடைக்கின்றன. குளிர்நாட்டில் வளர்ந்த ஓட்டக்காரன் பத்துப் பதினான்கு நாட்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடிப் பழகினால், வியர்வை முந்திச் சுரக்கவும் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகவும் அவனது சரீரம் கற்றுக்கொள்கிறது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் வரும் கடைசி நெடுந்தூர ஓட்டத்தை விடிகாலையில் இந்தத் தெருவில் நின்று கவனிக்க வேண்டும். ஏற்றம் தொடங்கியதும் நல்ல ஓட்டக்காரனின் அடி குறுகுகிறது. கையின் தாளம் மாறுவதில்லை. தோள் இறுகாமல், விரல்கள் முஷ்டி பிடிக்காமல், தாடை தளர்ந்திருக்க, சுவாசத்தின் ஓசை மட்டும் சற்றே கனத்துக் கேட்கிறது. இறக்கத்தில் பாதம் உடலுக்கு நேர்கீழே மெல்லென ஊன்றுகிறது. கால் முன்னே நீண்டு தரையை இடிப்பதில்லை. எல்லாவற்றினும் அழகானது, இன்னும் இரண்டு மைல் ஓடத் தெம்பு இருக்கும்போதே, குறித்த இடத்தில் அவன் நின்றுவிடுவது.

இந்த நிறுத்தத்தின் தத்துவத்தை இப்பகுதித் தோட்டத்து மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. இறப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண், பட்டையில் மெல்லிய ஒரு சீவலை மாத்திரமே எடுக்கிறாள். கத்தி மரத்தைத் தொட்டுக் காயப்படுத்தாதபடி கையை அடக்குகிறாள். ஒரு நாள் வெட்டிய மரத்தை மறுநாள் சும்மா விடுகிறாள். அந்த இடைவெளியில்தான் பட்டைக்குள் பால் மீண்டும் ஊறுகிறது. பேராசையால் ஓயாமல் வெட்டப்படும் மரம், பட்டை வறண்டு, பாலை மறுத்துவிடும். ஓட்டக்காரனின் தேகமும் இதே நியாயத்துக்குக் கட்டுப்பட்டது: பயிற்சியில் அது தேய்கிறது, ஓய்வில் வளர்கிறது.

இதை உலகுக்கு நிரூபித்தது ஒரு நோய். ஒரே நாளில் 400 மீற்றரைப் பல தடவை திரும்பத் திரும்ப ஓடிப் பயில்வதில் பெயர்போன செக் வீரர் எமில் சாட்டோபெக், 1950இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்குச் சற்று முன்னர் நச்சுணவால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் கிடந்தார். போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில் வெளியே வந்த அவர், 10,000 மீற்றரில் பிரான்சின் அலென் மிமூனை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று பின்னால் விட்டு வென்றார். 5,000 மீற்றரையும் வென்றார். கட்டாயத்தின் பேரில் வாய்த்த ஓய்வு, கடும் பயிற்சியின் பலனை வெளிக்கொணர்ந்தது.

இன்று பயிற்சியாளர்கள் இதைத் திட்டமிட்டே செய்கிறார்கள். கடைசி இரு வாரங்களில் தூரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறார்கள். ஆனால் வேகத்தைக் குறைப்பதில்லை. கால்கள் போட்டி வேகத்தை மறந்துவிடாதபடி சில ஓட்டங்களை அதே வேகத்தில், மிகக் குறுகிய அளவில் வைத்துக்கொள்கிறார்கள். சோறும் ரொட்டியும் தரும் மாச்சத்து, செலவழியாமல் தசைகளில் சேர்கிறது. அச்சத்து ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரையும் உடன் சேர்த்துவைப்பதால் உடல் சற்றுக் கனக்கிறது. இந்தக் கனத்தை உணர்ந்த இளைஞன், பலம் போய்விட்டதோ என்று பயந்து, இரகசியமாக ஒரு நெடுந்தூரம் ஓடிப் பார்க்கத் துடிக்கிறான். அந்தத் துடிப்பை அடக்குவதற்கு, நூறு மைல் ஓடுவதைவிட மனத்திடம் அதிகம் வேண்டும்.

1970 டிசம்பரில், பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில், நம் நாட்டின் லூசியன் ரோசா 5,000, 10,000 மீற்றர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். சில நாட்களுக்குள் இரு நெடுந்தூர ஓட்டங்களை வெல்வதென்றால், களத்தில் கால்வைக்கும்போது தேகத்தில் செலவிடப்படாத சக்தி நிறைய இருந்தாக வேண்டும். ஆகவே, அடுத்த மரதன் ஓட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தொடக்கத்தில் பாய்ந்து செல்பவர்களைக் கண்டு மயங்காதீர்கள். 42.195 கிலோமீற்றரில் முப்பதைத் தாண்டிய இடத்தில் போய் நில்லுங்கள். எவனுடைய அடி அங்கே இன்னும் குறுகாமல், தோள் இறுகாமல், முதல் மைலின் தாளத்திலேயே வருகிறதோ, அவன் பயிற்சியில் உழைத்தவன் மட்டுமல்லன். உழைப்பை உரிய வேளையில் நிறுத்தவும் அறிந்தவன். அவன் எத்தனையாவதாக வந்தாலும் உங்கள் கைதட்டலுக்கு முழு உரிமை உடையவன்.