கணக்கில்லாத துப்பு

தமிழில் சிறுவர் துப்பறியும் கதைகள் என்று அச்சாகிறவற்றில் பெரும்பாலானவை துப்பறியும் கதைகளே அல்ல, துரத்தும் கதைகள். பாழடைந்த பங்களா, கடத்தல்காரர்கள், சுரங்க வழி, விடுமுறைக்கு வந்த நான்கு பிள்ளைகள். நடுவில் ஒரு ரகசியக் குறிப்பு. ஒரு பையன் அதை உற்றுப் பார்க்கிறான். அடுத்த பாராவில் விளங்கிவிடுகிறது. எப்படி விளங்கிற்று என்பது வாசகனுக்குக் கிடையாது. வவுச்சர் இல்லாமல் வரவு வைத்த பேரேடு இது. அறிவு இங்கே ஒரு செயல் அல்ல. சுருட்டை முடி போல, கதாநாயகனின் அங்க லட்சணம்.

1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியிடம் இந்தப் பொய் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் மறைகிறவன் அவன். புத்தியால் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. அம்புலிமாமாவின் வேதாளமாவது விடைக்கு முன்னால் கேள்வியை நிறுத்தியது. படிக்கிற குழந்தைக்கு யோசிக்க ஒரு கணம் கிடைத்தது.

எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய ‘தங்க வண்டு’, கானன் டாயில் 1903இல் எழுதிய ‘நடனமாடும் மனிதர்கள்’ இரண்டிலும் வாசகன் கூடவே கணக்குப் போடலாம். ஆங்கிலத்தில் அதிகம் வருவது ‘ஈ’ என்ற எழுத்து. எனவே அதிகம் வரும் குறி அதுவாக இருக்கும். இந்த உத்தியை அப்படியே தமிழுக்குக் கடத்த முடியாது. நம்முடைய எழுத்து வேறு, அது அமையும் விதம் வேறு. நம் கதாசிரியர்கள் குறிப்பை இறக்குமதி செய்து, தர்க்கத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் தமிழுக்கான சாவி நம்மிடம் இருக்கிறது. நன்னூல் எழுத்தியலைப் பாருங்கள். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும், எந்த மெய்யை அடுத்து எது வரும். தமிழ்ச் சொல்லுக்குள் க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். ர், ழ் இரண்டும் தம்மோடு மயங்கா. ஒரு சொல் வல்லொற்றில் முடிந்தால், அடுத்த சொல்லின் முதலெழுத்தை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. மெய்களை மட்டும் இடம் மாற்றிப் புள்ளியை விட்டுவைத்த ஒரு ரகசியக் கடிதத்தை, இந்த விதிகளை வைத்துப் பத்து வயதுப் பிள்ளை உடைக்கலாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறக்கிற சூத்திரம் அப்போது ஆயுதமாகும்.

இதற்குப் பங்களா வேண்டாம். அரியலூர் பக்கம் கீழப்பழுவூர் கோயில் சுவர் போதும். பழுவேட்டரையரைக் கல்கியின் தொடர்கதை வழியே பிள்ளைகளுக்குத் தெரியும். கல்வெட்டு வழியே தெரியாது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது; எகர ஏகார வேறுபாடும் இராது. எந்த எழுத்து மெய், எந்த எழுத்து உயிர்மெய் என்பதை மெய்ம்மயக்க விதியையும் சொல்லறிவையும் வைத்துப் படிக்கிறவனே தீர்மானிக்க வேண்டும். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது ஒரு மரம். அந்த இடம் ஒரு காலத்தில் கடல். மரம் கடலுக்கு எப்படி வந்தது? இதைவிட நல்ல மர்மத்தை எந்தக் கடத்தல்காரன் தருவான்?

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணச் சொல்லித் தரும் கணக்கு உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விதி எல்லாப் பழத்துக்கும் பலிக்குமா என்பது வேறு விஷயம். பிள்ளை பழத்தை வெட்டிச் சரிபார்க்கலாம். தப்பென்றால் நூலாசிரியரையே மறுக்கலாம். நம் துப்பறியும் கதைகள் தராத உரிமை இது.

விளக்கம் கேட்காமல் முடிவை ஏற்கும் பழக்கம் பத்து வயதில் இப்படித்தான் சுவாரஸ்யமாகப் படிகிறது. அதே வாசகன் முப்பது வயதில் மேடைப் பேச்சையும் விமர்சனத் தீர்ப்பையும் அவ்வாறே ஏற்கிறான். சிறுவர் கதையில் வழிமுறையைக் கேட்பது இலக்கியச் சில்லறை அல்ல. குறிப்பை அச்சிடுங்கள், விடையை நாலு பக்கம் தள்ளி வையுங்கள். நடுவிலுள்ள பக்கங்களில் பிள்ளை பென்சிலைத் தேடட்டும்.