வளன் பெற்ற முடி

மறுமைப் பயன் கருதி அறஞ்செய்வானைச் சங்கச் சான்றோர் பெரிதும் மதித்திலர். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அவன் மறுமைக்காக அறத்தை விலைபேசுவான் அல்லன் என்றும், சான்றோர் சென்ற நெறி என்பதனாலேயே ஈகின்றான் என்றும் கூறுவார் (புறநானூறு, 134). கிறித்தவக் காப்பியங்களைத் தமிழ் மரபில் வைத்து ஆராய்வார் இவ்வளவுகோலைக் கடந்து செல்லுதல் இயலாது. துன்பத்தினும் தளராது இறைவனுக்கு ஊழியம் புரிந்தார்க்கு விண்ணுலகில் அழியாத முடி உண்டு என்பது கிறித்தவ நம்பிக்கை. அந்நம்பிக்கை ஊழியத்தை வாணிகமாக்கி விடாதோ? இவ்வினாவை எழுப்புதற்குத் தேம்பாவணியினும் ஏற்ற களம் வேறில்லை.

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய இக்காப்பியம் மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடலும் உடையது. தலைவர் சூசையப்பர். அவரது எபிரேயப் பெயரின் பெருக்கப் பொருளைத் தழுவி, முனிவர் அவரை 'வளன்' என்றார். நற்செய்தி நூல்கள் நான்கினும் இவர் வாய்மொழியாக ஒரு சொல்தானும் இல்லை. கனவில் ஏவல் வருகின்றது, எழுகின்றார், செல்கின்றார். இவர் இறந்த வரலாறும் ஆண்டுக் கூறப்படவில்லை. எனவே முனிவர், ஆகிர்த நகர்த் துறவி மரியாள் (1602–1665) இசுபானிய மொழியில் எழுதிய நூலைத் துணைக்கொண்டார். போர் புரியாத, பகை வெல்லாத ஒரு தச்சர், தண்டியாசிரியர் வேண்டும் ஒப்பற்ற தலைவர் ஆவாரோ என்று ஐயுறுவார் உளர். அவ்வையம் புறக்கணித்தற்குரியதன்று, ஆயின் வாளால் தீரும் வினையையே வினை எனக் கொண்டதன் விளைவு அது என்க.

கம்பராமாயணத்தோடு ஒப்பிடின் இது தெளிவாகும். இராமனது காடுறை வாழ்வுக்குப் பதினான்கு ஆண்டு என்னும் எல்லை உண்டு. அவ்வெல்லையின் மறுகரையில் அவனுக்குரிய முடி காத்திருக்கின்றது. பரதன் நாளெண்ணி இருக்கின்றான். வளனுக்கு வந்த ஏவலோ வேறு. குழவியையும் தாயையும் கொண்டு எகிப்துக்கு ஓடுக, யான் மீளச் சொல்லுங்காறும் ஆண்டே தங்குக என்பதே மத்தேயு தரும் செய்தி. எத்துணை ஆண்டு என்பது இல்லை. மீண்டபின் பெறுவது யாது என்பதும் இல்லை. தாவீதின் மரபில் வந்தவர் ஆயினும், மீட்டுக்கொள்ளுதற்கு இவர்க்கு ஓர் அரியணையும் இல்லை. வாணிகத்திற்கு அளவும் காலமும் முற்படப் பேசப்படுதல் வேண்டும். ஈண்டுப் பேச்சே நிகழவில்லை.

இத்துணைச் சிறந்த வாய்ப்பை முனிவர் முற்றும் பயன்படுத்தினார் என்று சொல்லுதற்கில்லை. எகிப்துக்குச் செல்லும் வழியில் பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கிளைக்கதைகளாக விரிகின்றன. அவை தம்மளவில் இனியன. போர்க்கள வருணனைக்கு இடந்தருவன. எனினும் அவற்றைக் கேட்டுக்கொண்டு செல்லும் வளனுடைய கால் நோவைப் படிப்பார் மறந்துவிடுகின்றனர். காப்பிய உறுப்புக்களை நிறைவிக்கும் ஆர்வம், பாலைவழியின் வெறுமையை நிரப்பிவிட்டது. அவ்வெறுமையன்றோ இவ்வூழியத்தின் அருமை?

நூற்பெயரும் இவ்வாராய்ச்சிக்கு உதவும். அதனைத் 'தேன் பா அணி' எனப் பிரித்துத் தேனனைய பாக்களாலாய அணி என்பாரும், 'தேம்பா அணி' எனப் பிரித்து வாடாத மாலை என்பாரும் உளர். பின்னதே பொருத்தமுடைத்து என்பது எம் கருத்து. பேதுரு தம் முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வாடாத முடியைப் பற்றிப் பேசுகின்றார். அவ்விடத்துக் கிரேக்கச் சொல் வாடா மலரின் பெயரோடு தொடர்புடையது. அதனினும் நோக்கத்தக்கது அச்சொல் நிற்கும் இடம். இழிந்த ஊதியத்தின் பொருட்டு மந்தையை மேய்த்தல் ஆகாது என்று மேய்ப்பர்களை விலக்கிய இரண்டு வசனங்களுக்குப் பின்னரே, நான்காம் வசனத்தில் அம்முடி கூறப்படுகின்றது. ஊதியத்தை மறுத்த வாயே முடியை உறுதி கூறுகின்றது. இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு கிறித்தவரை மறுமை வணிகர் என்பார் இவ்விடத்தை ஊன்றி நோக்கினார் அல்லர். முனிவர் இத்திருமுகத்தை உட்கொண்டே பெயரிட்டார் என நிறுவுதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் அவர் பணியாற்றிய மந்தையும் மேய்ப்பர் வாழ்வும் இதனை நினைப்பிக்கின்றன.

இனி, முடி எப்பொழுது சூட்டப்படுகின்றது என்பதையும் கருதுக. வளன் நோயுற்று இறந்த பின்னரே இயேசுவின் பாடுகளும் உயிர்ப்பும் நிகழ்கின்றன. தம் கையால் வளர்த்த மகவு உலகிற்குச் செய்ததை அவர் உயிரோடிருந்து கண்டிலர். கம்பர் காப்பியத்தைப் போன்று இதுவும் முடிசூட்டு விழாவோடு நிறைவுறுகின்றது. ஆயின் அயோத்தியில் முடி சூடுவோன் அதனை இழந்த அதே மேனியோடு, அதே நகரத்தார் காண நிற்கின்றான். வளன் சாவைக் கடந்து, மண்ணுலகில் எவரும் காணாத இடத்தில் அதனைப் பெறுகின்றார். முடிசூட்டு படலத்தின் ஒளியும் ஆரவாரமும் எம் உள்ளத்தை அத்துணைக் கவரவில்லை. நோய்ப்படுக்கையில், தாம் காத்தவரே தம்மைக் காக்கக் கிடக்கும் வளனைக் காட்டும் பகுதிகளில்தான் முனிவரது தமிழ் அணிகலன்களைக் களைந்துவிட்டு நடக்கின்றது.