சாளர ஓவியமும் படியெடுக்கும் பயிற்சியும்

எண்ணெய் வண்ணம் பயிலத் தொடங்குவோர், பேரோவியர் ஒருவரின் படைப்பைப் பார்த்துப் படியெடுத்தல் நெடுநாளைய மரபு. அதனை இழிவெனக் கருதுவோரும் உளர். அவர்கட்குத் தக்க விடையாக நிற்பவர் பிரெஞ்சு நாட்டுப் பெண் ஓவியர் பெர்த் மொரிசோ (1841–1895). பாரிசிலிருந்த அரசு கலைக்கல்லூரி 1897 வரையில் மகளிரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே லூவ்ர் அருங்காட்சியகமே மொரிசோவுக்குப் பள்ளியாயிற்று. 1858இல் படியெடுப்போர் பட்டியலில் பெயர் பதிந்துகொண்டு, வெரோனீசின் ஓவியங்கள் முன் அமர்ந்து கற்றார். ஆயினும் அவர் வெரோனீசைப் போல எழுதினாரில்லை. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே பயில்வோர் ஆராயத்தக்கது.

இன்று மொரிசோவின் ஓவியங்களே படியெடுக்கப்படுகின்றன. அவற்றுள் 1875இல் வைட் தீவில் அவர் எழுதிய சாளர ஓவியம் ஒன்று. பாரிசிலுள்ள மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 38 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமும் உடைய சிறு கித்தான். அவர் கணவர் யூஜின் மானே நாற்காலியில் அமர்ந்து, உடலைத் திருப்பி வெளியே நோக்குகிறார். மெல்லிய திரை, சாளர விளிம்பில் பூந்தொட்டிகள், அப்பால் வேலி, ஒரு பெண்ணும் சிறுமியும், படகுகள். வெளியே நிற்கும் பெண்ணின் முகத்தைச் சாளரச் சட்டம் மறைத்துவிடுகிறது! முகத்தை விட்டுக்கொடுத்துச் சட்டத்தை வைத்துக்கொண்ட துணிவு வியப்புக்குரியது. உள்ளறையையும் வெளியொளியையும் பிரிப்பது அச்சட்டமன்றோ?

இங்கேதான் மாணவர் பெரும்பாலும் இடறுகின்றனர். மலர்களின் சிவப்புப் புள்ளிகளையும் வேலியின் கோடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, நாட்கணக்கில் எழுதுகின்றனர். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் சில நாட்களில் மேற்பரப்பில் காய்ந்துவிடும். காய்ந்ததன்மேல் இட்ட கீற்று ஒட்டாமல் தனித்து நிற்கும். மொரிசோவின் கீற்றுகளோ ஈரத்தின்மேல் ஈரமாக இடப்பட்டு ஓரங்களில் ஒன்றோடொன்று கலந்தவை. விரைவு அவருக்கு அழகுக்காக மட்டும் வாய்த்ததன்று. யூஜின் பொறுமையாக அமரக்கூடியவர் அல்லர் என்று தமக்கைக்கு எழுதிய கடிதத்திலேயே குறைபட்டிருக்கிறார். விரைவில் பிறந்த கீற்றை மெதுவாகப் பின்பற்றினால் கிடைப்பது கையெழுத்தன்று, கள்ளக் கையொப்பம்.

திரையும் ஒரு பொறி. வெள்ளைத் துணி என்ற எண்ணத்தால் மாணவர் குழாயிலிருந்து வெள்ளையை அப்படியே அப்புகின்றனர். ஒளிக்கு முன் தொங்கும் துணி, வெளியிலுள்ள வெளிச்சத்தினும் மங்கலானது. அதிலும் இன்று கடைகளில் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை, மொரிசோவின் காலத்தில் இல்லாதது. மறைக்கும் ஆற்றல் மிக்கது. சற்றே மிகுந்தாலும் திரை சுண்ணாம்புச் சுவராகிவிடும்.

ஆகவே படியெடுக்க வேண்டியது கீற்றையன்று, ஒளியின் படிநிலைகளை. சிறு பலகையில் இருள், இடைநிலை, ஒளி என மூன்றே சாயல்களில், ஒரே அமர்வில், மலரும் முகமும் இன்றி முதலில் எழுதிப் பார்க்கலாம். மூலத்தின் அளவிலேயே படியெடுத்தலாகாது என்பது லூவ்ரின் விதி. போலியைத் தடுக்க எழுந்த அவ்விதி பயில்வோர்க்கும் நலம் செய்கிறது: அளவு மாறியதும் கீற்றை எண்ணிப் பயனில்லை, எந்த இருளுக்கு எந்த ஒளி என்று மாணவரே அளந்து முடிவு செய்தாக வேண்டும். மூன்று சாயலில் அறை அறையாகவும் வெளி வெளியாகவும் தோன்றிய பின்னர், பூந்தொட்டிகளுக்குச் சிவப்பைத் தொடலாம்.